நூற்று நாற்பது கோப்பைக்கான கலவை

ஒரு கோப்பைக்கு ஊற்றுவதை நூற்றால் பெருக்கினால் நூறு கோப்பை வந்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். வராது. விருந்துக்கு மொத்தமாகக் காக்டெய்ல் கலக்க வருகிறவர்கள் எல்லாரும் முதல் தடவை இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். கோப்பை கோப்பையாகக் கலக்கும்போது ஐஸ் போட்டுக் குலுக்குகிறோம். அந்த ஐஸ் கரைந்து, கால் பங்கு தண்ணீர் தானாகவே சேர்ந்துவிடும். பெரிய டிரம்மில் கலக்கும்போது குலுக்க முடியாது. அந்தத் தண்ணீரை நாம்தான் அளந்து ஊற்ற வேண்டும். மறந்தால் விருந்தாளிகள் இரண்டாவது கோப்பையிலேயே தள்ளாடுவார்கள். கசப்புச் சாறு இதைவிடப் பொல்லாதது. ஒரு கோப்பைக்கு இரண்டு சொட்டு என்பதற்காக நூறு கோப்பைக்கு இருநூறு சொட்டு விட்டால் வாயில் வைக்க முடியாது. பாதியில் நிறுத்தி, ருசி பார்த்து, அப்புறம்தான் மேலே போக வேண்டும்.

நீங்கள் இதையெல்லாம் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் அறிக்கையில் ‘கலக்கும்போது ஏற்பட்ட கவனக்குறைவு’ என்று ஒரு வரி இருக்கிறது. நேற்று ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வந்தபோது படித்தேன். அதனால்தான் இன்று யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன். பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். அந்தச் சொல்லை யாரும் என் வேலைக்குப் பக்கத்தில் வைத்ததில்லை.

என் தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். அவளுக்கு நாலு வயதில், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில், பாதாம் தூவிய கேக் ஒரு துண்டு சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கிவிட்டது. கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பத்து வயதில் நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், மூன்று தெரு தள்ளியிருந்த மருத்துவமனைக்கு ஓடினேன். இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அம்மா வந்து அவளைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இனிமே இவ வாய்க்குள்ள எது போனாலும் உன் கண்ணைத் தாண்டித்தான் போகணும். புரிஞ்சுதா?”

புரிந்தது. அன்றிலிருந்து முப்பத்தொரு வருடம் பிஸ்கட் பாக்கெட், சாக்லேட் உறை, ஓட்டல் மெனு என்று எல்லாவற்றையும் நான் படித்த பிறகுதான் அவள் தொடுவாள். அவள் கல்யாண விருந்தில் நான் பந்தியில் உட்காரவே இல்லை, சமையலறையில்தான் நின்றேன். அந்தக் கல்யாணம் இரண்டு வருடத்தில் முறிந்து அவள் திரும்பி வந்தபோது கதவைத் திறந்ததும் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதை யார் குற்றமாகவும் நான் சொல்லவில்லை.

தொழிலை இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்தோம். ஆனால் எங்களுக்குள் வேலை தனித்தனி. வாடிக்கையாளர்களிடம் அவள் பேசுவாள். அவளுக்குப் பேச்சு சரளம், சிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அளவும் கலவையும் என்னுடையவை. ஆனால் ருசி பார்ப்பது அவள்தான். அவள் நாக்கு அப்படிப்பட்டது, இருபது லிட்டரில் அரை மூடி எலுமிச்சை கூடினாலும் சொல்லிவிடுவாள். நான் கலந்து கரண்டியை நீட்டுவேன். அவள் போனில் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், வாயைத் திறப்பாள்.

ரம் சேர்ந்த கலவைகள் பலவற்றுக்குப் பாதாம் சிரப் வேண்டும். அது இல்லாமல் அந்த வாசனையும் வழவழப்பும் வராது. ஆனால் அதை நான் எங்கள் சமையலறைக்குள் விடவே இல்லை. எட்டு மாதம் மெனக்கெட்டு, முலாம்பழ விதையை வறுத்து அரைத்துப் பாலெடுத்துச் சர்க்கரையில் காய்ச்சி ஒரு சிரப் செய்தேன். முதல் முப்பது தடவை எண்ணெய் பிரிந்தது, புளித்தது, சாம்பல் வாசம் அடித்தது. முப்பத்தொன்றாவது தடவை சரியாக வந்தது. பாதாம் தெரிந்தவர்கள்கூட வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். அவளும் மற்றவர்களைப் போலக் குடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன். வேறு காரணம் கிடையாது. முதல் கோப்பையைக் குடித்துவிட்டு அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அக்கா, இதுதான் பாதாம் ருசியா? இதுக்காகவா நான் சாகக் கிடந்தேன்?” என்று சிரித்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு பெரிய விருந்து மண்டபத்துக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கே நடக்கும் எல்லா விருந்துக்கும் நாங்களே பானம் கலக்க வேண்டும் என்று பேச்சு. மேலாளருக்கு மாதிரி காட்டப் போனோம். நான் கோப்பைத் தட்டோடு பின்னால் நின்றேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“இதுல என்னங்க போட்டிருக்கீங்க?”

“விதைப்பால் சிரப் சார். என்னோட கண்டுபிடிப்பு” என்றாள் என் தங்கை. “எனக்குப் பாதாம் ஆகாது. எட்டு மாசம் தூங்காம உட்கார்ந்து பண்ணினேன்.”

எட்டு மாதம் என்பதைக்கூட அவள் சரியாகச் சொன்னாள்.

“இவங்க?” என்று அவர் என்னைக் காட்டிக் கேட்டார்.

“எங்க அக்கா. கூடமாட ஒத்தாசைக்கு வருவாங்க.”

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன். அவள் சங்கடப்படவே இல்லை. “ஐயோ அக்கா, ரெண்டு பேர் கதையைச் சொன்னா அவங்களுக்குக் குழம்பிடும். ஒரு முகம்தான் மனசுல நிக்கும். உனக்குத்தான் பேச வராதே?” என்று என் தோளில் தட்டினாள். நான் ஆமாம் என்றேன். எனக்குப் பேச வராது, அது உண்மைதான்.

அடுத்த மாதம் ஒரு பத்திரிகையில் அவள் படம் வந்தது, கையில் என் புட்டி. அதற்கடுத்த மாதம் மண்டபத்தோடு ஒப்பந்தம் ஆனது, அவள் பெயரில் மட்டும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னாள், “அக்கா, உன் அளவு நோட்டு வேணும். அவங்க சமையலறையிலேயே ஆள் போட்டுக் கலந்துக்குவாங்களாம். நான் மேற்பார்வை. நீயும் எத்தனை நாளைக்குத்தான் டிரம் தூக்குவ? இனிமே ரெஸ்ட் எடு.”

நோட்டை அன்றே கொடுத்தேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. நான் வஞ்சம் வைத்துத் தப்பான அளவைக் கொடுக்கும் ரகம் இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். நெஞ்சில் ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஒருத்திக்காக முப்பத்தொரு வருடம் எழுத்துக்கூட்டிப் படித்த கண்ணுக்கு இனி வேலை இல்லை என்று புரிந்தது.

நான் கலக்கவேண்டிய கடைசி விருந்து, ஒரு கம்பெனி முதலாளி ஓய்வு பெறும் விழா. நூற்று நாற்பது பேர். அதற்கு நாலு நாள் முன்பு நான் கடைக்குப் போய்த் தோல் உரித்த பாதாம் வாங்கினேன். விதையைச் செய்வது போலவே வறுத்து, அரைத்து, பிழிந்து, காய்ச்சினேன். முதல் தடவையே சரியாக வந்தது. பாதாம் எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் புட்டியிலேயே ஊற்றி, எங்கள் லேபிளையே ஒட்டினேன். அந்த லேபிளில் இப்போது அவள் முகம் இருந்தது.

விருந்தாளிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். யாருக்காவது எந்தச் சாப்பாடாவது ஒத்துக்கொள்ளாதா என்று கம்பெனியில் எழுதி வாங்கியிருந்தேன். இரண்டு பேருக்கு இறால், ஒருவருக்குப் பால். பாதாம் ஆகாதவர் ஒருவரும் இல்லை. சம்பந்தமில்லாதவர்களுக்குத் தீங்கு வரும்படி நான் எதையும் செய்ய மாட்டேன்.

அன்று காலை பதினோரு மணிக்கு மண்டபத்தின் பின்கட்டுச் சமையலறையில் இருந்தோம். ரம் எட்டு லிட்டர் நானூறு மில்லி. எலுமிச்சைச் சாறு மூன்றரை லிட்டர். ஆரஞ்சு மதுவும் சிரப்பும் தலா இரண்டு லிட்டர் நூறு. கசப்புச் சாற்றைப் பாதியில் நிறுத்தினேன். பாதாம் தெரியாமல் உள்ளே போய்விட்டால் உடனே போட்டுக்கொள்ள, அவள் கைப்பையில் எப்போதும் ஒரு அவசர ஊசி இருக்கும். போன தடவை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்ததும் நான்தான். காலையில் அதை எடுத்து வண்டியின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

பிறகு கரண்டியை நீட்டினேன்.

அவள் போனில் யாரிடமோ பூ அலங்காரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். விழுங்கிவிட்டுப் போனைக் கொஞ்சம் விலக்கி, “இன்னைக்கு என்ன வேற மாதிரி இருக்கு? விதையை ஜாஸ்தி வறுத்தியா?” என்றாள்.

“கொஞ்சம் வறுத்துட்டேன்.”

“நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவளாகவே இன்னொரு கரண்டி எடுத்துக் குடித்தாள். இரண்டாவது கரண்டியை நான் கொடுக்கவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் கழுத்தைத் தடவினாள். போனைக் கீழே வைத்தாள். கைப்பையைக் கொட்டித் தேடினாள். “அக்கா, ஊசி” என்றாள். நான் அவளோடு சேர்ந்து தேடினேன். அவள் தரையில் உட்கார்ந்தபோது தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் மூடிக்கொள்ளும் வரை. டாக்டர் அன்று சொன்ன பத்து நிமிஷம் எனக்கு நினைவிருந்தது. சுவரில் கடிகாரம் இருந்தது. பதினான்காவது நிமிஷம் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஆம்புலன்ஸில் ஏறச் சொன்னார் மேலாளர். “நீங்க போங்கம்மா, இங்க நாங்க பாத்துக்கறோம்” என்றார். இன்னும் தண்ணீர் சேர்க்கவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதிர்ச்சியில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். நாலு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, கலக்கி, கேன்களில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனேன். அந்தக் கலவை பிரமாதமாக இருந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். ஒரு சொட்டு மிஞ்சவில்லையாம்.

மூன்றாம் நாள் காலை அவள் போய்விட்டாள். நான் அழுதேன். அதை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அவள் உடம்பைத் துடைத்து உடை மாற்றியதும் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீங்கள் ஒரு தாளைக் காட்டினீர்கள். சாவதற்கு முந்தின நாள் அவளுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியதாம். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாமல், நர்ஸிடம் பேனா கேட்டு வாங்கி எழுதினாளாம். அப்போது நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் அவள் கைதான். ‘அக்காவுக்கு எதுவும் தெரியாது. சிரப் ஊத்தினது நான். மண்டபத்துப் பாதாம் புட்டியை மாத்தி எடுத்துட்டேன். அக்காவை யாரும் எதுவும் கேக்காதீங்க.’

“கடைசி நேரத்துலயும் உங்களைத்தாம்மா நெனச்சிருக்காங்க” என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. கேஸை முடித்துவிட்டதாகவும், வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கும்படியும் சொன்னீர்கள்.

போனேன். ஆனால் இரவு முழுக்க அந்த நாலு வரிதான் கண்ணில் நின்றது. அவள் சிரப்பை ஊற்றவில்லை. மண்டபத்துப் புட்டியைத் தொடவே இல்லை. பாதாம் வாங்கியது நான், காய்ச்சியது நான், லேபிள் ஒட்டியது நான், ஊசியைப் பூட்டியது நான், கரண்டியை நீட்டியது நான். நடந்ததில் ஒரு துளிகூட அவள் வேலை இல்லை. இருந்தும் அந்தப் படுக்கையில் கிடந்துகொண்டு, மூச்சுவிட முடியாத நிலையில், பேனா கேட்டு வாங்கி, எல்லாம் தானே செய்ததாக எழுதியிருக்கிறாள்.

அவள் எனக்கு வேறு என்ன செய்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் பாருங்கள், போகிற போக்கில் இதையும் தன் பெயரில் எழுதிக்கொண்டுதான் போயிருக்கிறாள்.