சுக்கானிக்குப் பச்சை மீன்

— அந்தக் கோப்பையை எடுங்க அண்ணா. சோத்தோட குழைச்ச மீனை அது மணந்தும் பார்க்காது. நேற்றே சொன்னனான்.

— பசிச்சாத் தின்னும். துறைமுகத்துப் பூனை எல்லாம் கறிச்சட்டி நக்கித்தான் வளர்ந்தது கௌசி. இது மட்டும் என்ன மகாராசாவோ?

— சுக்கானிக்கு இப்ப அந்தப் பழக்கம் இல்லை. அப்பா அதுக்குப் பச்சை மீன்தான் குடுத்தவர். முழுசா, தலையோட, முள்ளோட. கனடாவில என்ர ரெண்டு பூனைக்கும் நானும் பச்சையாத்தான் குடுக்கிறனான்.

— தெரியும், தெரியும். வீடியோவில காட்டுவாய். தராசில நிறுத்து, ஈரல் ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம், பெட்டி பெட்டியாக் கட்டி ஐஸ்ல வச்சு... என்ர பிள்ளையளுக்குக் கூட நாங்கள் அப்பிடி நிறுத்துப் போட்டதில்லை. தயாளினி பார்த்திட்டு வாயில கைவச்சவள்.

— அண்ணி சிரிக்கட்டும். பூனையின்ர வயித்துக்கு அதுதான் சரி. இந்த மயிரைத் தடவிப் பாருங்க, என்ன மினுக்கம்! ஆனா அப்பா போய் ஒரு மாசத்தில எப்பிடி மெலிஞ்சு போச்சுது. பாலையூற்றில உங்கட வீட்டுக்கு நீங்க கொண்டு போயும் நிக்காமத் திரும்பி இங்க அப்பா வீட்டுக்கே வந்திட்டுதே, ஏன்? சாப்பாட்டுக்காகத்தான்.

— சாப்பாட்டுக்கில்லை, அவரைத் தேடி வந்தது. இந்தக் கதிரையை விட்டு இறங்குதோ பார். அவர் துறைமுகத்தில இருந்து பென்சன் எடுத்த பிறகு முழு நாளும் இதிலதானே இருந்தவர். சரி, இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?

— அண்ணியிட்டச் சொல்லுங்க, ஒவ்வொரு நாளும் நாலு சூடை மீன் பச்சையா வைக்கச் சொல்லி.

— வெள்ளிக்கிழமையுமோ? வெள்ளிக்கிழமை என்ர வீட்டுப் படலைக்குள்ள மீன் வராது. உனக்குத் தெரியாதே?

— அப்பாவும் வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடாதவர்தான். ஆனாலும் சுக்கானிக்கெண்டு வாங்கினவரே.

— அது உண்மைதான். மீன்கார லாபிர் நாநாவும் சொன்னவர். வெள்ளி, சனி எண்டில்லை, மீன் பெட்டியோட ஒழுங்கைக்குள்ள வந்து ஹோர்ன் அடிச்சா உங்கட வாப்பா படலையில நிப்பார் எண்டு. ‘வெட்டித் தரட்டோ’ எண்டு கேட்டா, ‘வேண்டாம், மகள் முழுசாக் குடுக்கச் சொன்னவ’ எண்டு சொல்லுவாராம்.

— அப்பிடியோ சொன்னவர்? மகள் சொன்னவ எண்டோ?

— ஓம். ஏன் அழுகிறாய் இப்ப?

— ஒண்டுமில்லை. அண்ணா, நான் எத்தினை சொன்னனான் அவருக்கு. கனடாவுக்கு வாங்கோ எண்டன், வரேல்லை. அம்மா போனாப் பிறகு தனிய இருக்க வேண்டாம், அண்ணாவோட போய் இருங்கோ எண்டன், கேட்கேல்லை. காது மெசின் அனுப்பினன், அலுமாரிக்குள்ள கிடக்கு. என்ர சொல்லில இந்த ஒண்டைத்தான் கேட்டவர். ‘பிள்ளை, நீ சொன்ன மாதிரி இண்டையில இருந்து பச்சையாத்தான் குடுக்கிறன்’ எண்டு ஒரு நாள் தானாச் சொன்னவர். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ?

— இழுவைப் படகில முப்பது வருசம் சுக்கான் பிடிச்ச மனிசன். ஆரும் சொல்லித் திருப்பேலாது. பூனைக்குப் பேரும் சுக்கானி. ரெண்டும் ஒரே பிடிவாதம்.

— செத்த வீட்டுக்கு நான் வந்து சேரேல்லை. ரிக்கெற் கிடைக்கேல்லை, முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்குத்தான் வந்தனான். ஆனாலும் ஒரு விசயத்திலயாவது நான் அவருக்குக் கிட்ட இருந்தனான் எண்டு நினைச்சுக்கொண்டுதான் பிளேன்ல வந்தனான். சிரிக்காதேங்க.

— நான் சிரிக்கேல்லை.

— கடைசியாக் கதைக்கேக்கையும் நல்லாத்தான் இருந்தவர். பகிடி எல்லாம் விட்டவர். சுக்கானியை மடியில வச்சுக்கொண்டு என்ன கேட்டவர் தெரியுமோ, என்னால மறக்கவே—

— பொறு, பொறு! படலையைத் திறந்து விட்டனியோ? மான் உள்ளுக்க வந்திட்டுது. ஏய்! போ! சூ! குப்பை வாளியைக் கவிட்டிட்டுது, சனியன். கோட்டைக்குள்ள நிக்க வேண்டியதுகள் ஊரெல்லாம் சுத்துது.

— அடிக்காதேங்க அண்ணா, அது குட்டியோட வந்திருக்கு. என்ன அது, பாண் துண்டையே தேடுது?

— அப்பா வளர்த்த பழக்கம். பாணும் பிஸ்கற்றும் போடுவார். இந்தக் குசினி அலுமாரியைத் திறந்து பார், பிஸ்கற் பெட்டி அடுக்கடுக்கா. சந்திக் கடைக்காரனும் கேட்டவன், ‘ஐயா மானுக்கோ வாங்கிறவர்’ எண்டு.

— மானுக்கு இவ்வளவோ?

— வயசு போனா சில பேருக்கு இனிப்பில ஆசை வரும். நான் வந்தாலும் பிஸ்கற்றைத்தான் நீட்டுவார். ‘சாப்பிட்டீங்களோ அப்பா’ எண்டு கேட்டா, ‘இப்பதான்ரா, பாரை மீன் சொதி’ எண்டு சொல்லுவார். அவற்ற சொதிதானே. படகில வேலை செய்தவங்கள் இப்பவும் சந்தியில கண்டா அதைத்தான் கதைப்பாங்கள்.

— அம்மாவே அவரைச் சமைக்க விட்டிட்டுப் பார்த்துக்கொண்டு நிப்பாவே. தேங்காய்ப் பாலை ஊத்தினாப் பிறகு கரண்டி போடக் கூடாது, சட்டியை ஆட்ட வேணும் எண்டு.

— நான் அதாலதான் யோசிக்கேல்லை கௌசி. தனிய இருந்தாலும் வாய்க்கு ருசியாச் சமைச்சுச் சாப்பிடுகிற மனிசன். நாள் தவறாம மீன் வாங்கிறார். எனக்கென்ன கவலை? என்ர கடையில கணக்கு முடிக்கவே ராத்திரியாப் போகுது. மாசத்தில ஒருக்கா வந்து பார்த்திட்டுப் போயிடுவன்.

— உங்களை ஆர் குறை சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பா விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கேக்க அந்த டொக்டர் பிள்ளைதான் கேட்டவ. விழுந்தது சரி, ஆள் ஏன் இப்பிடி வத்திப் போய் இருக்கிறார், என்ன சாப்பிடுகிறவர் எண்டு. ‘ஒவ்வொரு நாளும் மீன்’ எண்டு நான் நெஞ்சை நிமித்திச் சொன்னனான். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்திட்டுப் போனவ. அந்தப் பார்வை இன்னும் எனக்கு விளங்கேல்லை.

— விடுங்க அண்ணா. தேத்தண்ணி குடிப்பமோ? அண்ணி தந்த பிளாஸ்க் முடிஞ்சுது. நான் ரெண்டு பிளேன்ரீ போடுறன்.

— போடு. சீனி சின்னப் போத்தலுக்குள்ள இருக்கும்.

— அண்ணா, அடுப்பு பத்துதில்லை. காஸ் முடிஞ்சு போச்சுப் போல.

— முடிய ஏலாது. பொங்கலுக்கு முதல் நாள் நான் புதுச் சிலிண்டர் கொண்டு வந்து வச்சனான். தனி ஆளுக்கு ஒரு வருசத்துக்குக் கிட்ட வரும். சிலிண்டர்க் குமிழைத் திருப்பிப் பார்.

— திருப்பிப் பார்த்திட்டன். சிலிண்டரைத் தூக்கியும் பார்த்தன், காத்து மாதிரிக் கிடக்கு.

— அது பழசாயிருக்கும். புதுசு அடுப்புக்குக் கீழ, மூலையில பார்.

— இங்க ஒண்டு இருக்கு. சாக்குப் போட்டு மூடியிருக்கு.

— அதுதான். குழாயைக் கழட்டி அதில பூட்டு.

— அண்ணா.

— என்ன?

— இங்க வாங்க.

— என்னண்டு சொல்லன். கை முழுக்கத் தூசி.

— இதின்ர சீல் உடைக்கேல்லை.

— விசர்க் கதை கதையாத. தள்ளு, பார்ப்பம். இல்லை... இல்லை, இது வேற. பிறகு ஆரும் கொண்டு வந்திருப்பினம்.

— ஆர் கொண்டு வந்தது? நீங்க வச்ச இடத்திலதானே இருக்கு?

— ஓம்.

— அண்டைக்கு நீங்க பூட்டிக் குடுக்கேல்லையோ?

— வெளியில ஓட்டோ நிண்டது. ‘நான் பூட்டுறன், நீ போ’ எண்டவர். பின்னேரம் வந்து பார்க்கிறன் எண்டு சொன்னனான். வரேல்லை. போன்ல கேட்டனான் கௌசி, சத்தியமாக் கேட்டனான். ‘பூட்டிட்டன், நல்லா எரியுது’ எண்டவர்.

— அண்டையில இருந்தோ?

— செத்த வீடெண்டு ஒருத்தரும் இந்த அடுப்புக்குக் கிட்டப் போகேல்லை. சாப்பாடெல்லாம் பாலையூற்றில இருந்து வந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் படைச்ச மீன் சொதியும் அங்க தயாளினி வச்சது. முப்பத்தொண்டுக்கு முற்றத்தில கல்லு வச்சு விறகில சமைச்சது. செத்த வீட்டில அடுப்பு எரியக் கூடாதெண்டு பார்த்துப் பார்த்து இருந்தம்...

— அப்பா இருக்கேக்கையே எரியேல்லை அண்ணா.

— குளிப்பாட்டேக்க அவற்ற மணிக்கட்டில ஒரு தழும்பு பார்த்தனான். எண்ணெய் கொட்டின மாதிரி, முழங்கை வரைக்கும். படகில எஞ்சின் பட்டதாயிருக்கும், பழைய காயம் எண்டு நினைச்சன். பழசில்லை. கை நடுங்கினது. எனக்குத் தெரியும் கை நடுங்கினது. பென்சன் எடுக்கப் போகேக்க கையெழுத்து வைக்கச் சிரமப்பட்டவர், நான் பக்கத்தில நிண்டு கெதியா வையுங்கோ எண்டு ஏசினனான்.

— நானும் ஏசினனான். ‘போனை ஆட்டாதேங்கோ அப்பா, சுக்கானியின்ர முகம் தெரியேல்லை’ எண்டு. பிறகு அவர் போனைச் சுவரில சாத்தி வச்சிட்டுத்தான் கதைச்சவர். கெட்டிக்காரர் எண்டு சொன்னனான்.

— அப்ப அந்தப் பிஸ்கற் எல்லாம்...

— மானுக்கில்லை.

— சமைக்க ஏலாட்டி ஏன் மீன் வாங்கினவர்? கடைச் சோறு வாயில வைக்கேலாதெண்டா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! நான் தூக்கிக்கொண்டு போயிருப்பனே!

— அதாலதான் சொல்லேல்லை. இந்தத் துறைமுகத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு போயிடுவம் எண்டு அவருக்குத் தெரியும். மீன் வாங்கிறதை நிப்பாட்டினா லாபிர் நாநா உங்களுக்குச் சொல்லியிருப்பார். வெட்டாம முழுசா வாங்கினா, என்னண்டு சமைக்கிறீங்க எண்டும் ஒருத்தரும் கேட்க மாட்டினம். மகள் சொன்னவ, பூனைக்கு. முடிஞ்சுது கதை.

— நாள் தவறாத மீன் முழுக்க அதின்ர வயித்துக்குள்ளயோ?

— முழுக்க. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில பூனையைப் பார்த்தனான் அண்ணா. அதின்ர கண்ணைக் காட்டுங்கோ, பல்லைக் காட்டுங்கோ, வயித்தைக் காட்டுங்கோ எண்டு. அதைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தவரை நான் பார்க்கேல்லை.

— அழாத. நானும்தானே இந்தக் கண்ணால பார்த்தனான். உன்னைவிடக் கிட்ட நிண்டு பார்த்தனான்.

— என்ர சொல்லைக் கேட்டவர் எண்டு கனடாவில எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனே.

— இரு, இந்தக் கதிரையில இரு. சுக்கானியைத் தள்ளாத, அது உன்ர மடியில ஏறட்டும். நீ அப்பா விட்ட பகிடி ஒண்டு சொல்ல வந்தனி, நான்தான் மானைக் கலைக்கப் போனனான். அதைச் சொல்லு. அவர் சிரிச்சதையாவது கேட்பம்.

— வேண்டாம் அண்ணா.

— சொல்லு கௌசி.

— ‘பிள்ளை, உந்தப் பச்சைச் சாப்பாட்டு முறை பூனைக்கு மட்டும்தானோ, மனிசருக்கும் இருக்கோ’ எண்டு கேட்டவர்.

— நீ என்ன சொன்னனி?

— விழுந்து விழுந்து சிரிச்சனான். ‘மனிசருக்கெண்டுதானே அப்பா அடுப்பு இருக்கு’ எண்டனான்.

— அதுக்கு அவர்?

— கொஞ்ச நேரம் பூனையின்ர தலையைத் தடவினவர். பிறகு, ‘ஓம் பிள்ளை, அடுப்பு இருக்கு’ எண்டவர்.