கம்பி தளர்வு

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

கார்பன் மோனாக்சைடு என்றதும் அப்படிப் பார்க்காதீர்கள். பழைய சிவப்பணுக்கள் உடையும்போதெல்லாம் உங்கள் உடம்பும் அதைத் துளித்துளியாகத் தயாரிக்கிறது. அந்தச் சொற்ப வாயு இதயத் துடிப்பைச் சீராக்குமா, குலைக்குமா என்று பார்ப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை. சீராக்கும் என்று கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். சோதனைக்கு ஓர் ஆள்தான் குறைந்தது. தங்கையின் கணவர் தானே வருகிறேன் என்றார். தங்கமான மனுஷன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். வந்தவர் அசைந்து, நெஞ்சில் ஒட்டிய கம்பி தளர்ந்து இசிஜி கோடு கோணலானால், ஓரத்தில் ‘கம்பி தளர்வு’ என்று குறித்து அந்தத் தாளைக் கழித்துவிடுவோம். முதல் நாள் அவர் முகமூடி வழியே வாயுவைச் சுவாசித்த நான்காவது நிமிடம் கோடு துள்ளியது. குறித்தேன்.

இசிஜி எடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். “சார், அவர் அசையவே இல்லையே. கம்பியெல்லாம் நல்லாத்தான் ஒட்டியிருக்கு.”

“உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?” என்றேன்.

அன்றிலிருந்தே அவள்மேல் எனக்குச் சந்தேகம். என் மேசையில் தாள்கள் இடம் மாறிக் கிடந்தன. என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்வாள். உங்களிடம் போட்டுக்கொடுத்தது அவள்தானே? சொல்ல வேண்டாம், புரிகிறது.

இரண்டாம் நாளும் கோடு துள்ளியது. மூன்றாம் நாள் அவளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டேன்.

“மச்சான், நெஞ்சு நின்னு நின்னு அடிக்கிற மாதிரி இருக்கு. இன்னைக்குப் போதுமே.”

“பயப்படாதீங்க மாப்ள. நான்தான் பக்கத்துலயே இருக்கேனே.”

அவர் சிரித்தார். என்னை அப்படி நம்பியது எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் துள்ளலுக்கு வாயு காரணமில்லை என்று எனக்கே ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் அனுமதித்த அளவை இரண்டு மடங்காக்கினேன். ஏழு நிமிடம் கோடு தாறுமாறாக ஓடியது, பிறகு ஒரே நேர்கோடாகிவிட்டது. தாளைக் கிழித்து, தேதி போட்டு, ஓரத்தில் வழக்கமானதைக் குறித்தேன். அதற்கப்புறம்தான் முகமூடியைக் கழற்றி, ஆட்களைக் கூப்பிட்டேன்.

தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். “அண்ணா, நீ கூடத்தானே இருந்தே?”

“கூடத்தாம்மா இருந்தேன்” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. எனக்கும் அழுகை வந்தது.

அளவைக் கூட்டியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் கட்டுரைக்காக அவர் செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். அன்று மாலையே சோதனைக்கு வந்தவர்கள் பட்டியலிலிருந்து அவரை நீக்கிவிட்டேன். கட்டுரையில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.