அவன் அணைக்காத கற்பூரம்

இந்தப் பிளேன்டீ நன்றாக இருக்கிறது ஐயா. தேயிலை விளையும் பொகவந்தலாவையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் தோட்டத்தில் எங்களுக்குக் கொடுக்கும் தூளில் இந்த நிறம் வராது.

என்னை முரடன் என்று எங்கள் லயத்து வீடுகளில் சொல்லியிருப்பார்கள். என் மகள் பிரேமினி முழுகாமல் இருந்தபோது நான் அவளை உதைத்தேன் என்றும் ஒரு பேச்சு. கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல ஒருவர்கூட முன்வரவில்லை. யாரும் பார்க்காததை நடந்தது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் கட்டிக்கொண்ட மகளைத் தகப்பன் கண்டிக்கத்தான் செய்வான்.

அதற்குப் பிறகு அவளைக் காணவில்லை. அவள் புருஷன் திலக்ஷன் மட்டும் ஒன்றுமே நடக்காதவன் மாதிரி என்னோடு தேயிலைக் கிளைகளைக் கவ்வாத்து வெட்ட வந்துகொண்டிருந்தான். உயிரோடு இருக்கும் மகள் பெற்றவனுக்கு ஒரு போனாவது எடுக்கமாட்டாளா? எடுக்கவில்லை. ஆகவே அவள் செத்துவிட்டாள். நான் தனியாக உட்கார்ந்து அழுதேன் ஐயா.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. எங்கள் வழக்கப்படி அவனை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் அது செய்தவனுடைய பிள்ளையைப் பிடிக்கும் என்பார்கள். பிரேமினி எங்கே என்று தனக்குத் தெரியாது என்று சொல்லி அணைக்கட்டும் என்றேன்.

அவன் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற எதுன்னாலும் கேளுங்க மாமா. இந்தச் சத்தியத்த மட்டும் என்னால பண்ண முடியாது."

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. கொல்லவில்லை என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. நான் அதைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் குற்றமில்லாதவன் கேட்காமலே சொல்லியிருப்பான்.

மறுநாள் காலை மலையில் அவன் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது பின்னால் போனேன். தேயிலைக் கிளையைக் கவ்வாத்துக் கத்தி ஒரே சாய்வில் துண்டாக்கிவிடும். கழுத்து அப்படியில்லை. திரும்பத் திரும்ப வெட்ட வேண்டியிருந்தது. குறுக்கே கையைக் கொடுத்தான், விரல்களும் போயின.

"அவ வலப்பனையில..." என்று தொடங்கினான். அதற்கு மேல் இரத்தம்தான் வந்தது. உயிர் போகிற நேரத்தில் வாய்க்கு வந்த ஊரைச் சொல்கிறான் என்று நினைத்து இன்னும் ஒரு போடு போட்டேன்.

இன்று காலை பிரேமினி வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். வலப்பனையில் அவனுடைய அக்கா வீட்டில் இருந்தாளாம். எனக்குப் பயந்து அவன்தான் அங்கே ஒளித்து வைத்தானாம்.

"ஒங்க காலுக்குத் தப்பவச்சு எம்புள்ளயக் காப்பாத்துனவர வெட்டிட்டீங்களேப்பா" என்றாள். பாவம், அதிர்ச்சியில் இருக்கிறாள். என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

வெட்டியது நான்தான். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவள் உயிரோடு வந்துவிட்டாள் என்பதற்காக அவனை நல்லவனாக்கிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அவன் அவளைக் கொன்றிருக்கமாட்டான் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா ஐயா? இல்லை அல்லவா. அப்படியென்றால் என் மகளைக் காப்பாற்றியவன் நான்தான் என்று எழுதுங்கள்.