பிரேக்கில் கட்டிய வேலிக்கம்பி

— கிட்ட வராதீங்க சோல்வெய்க், நாத்தம் இன்னும் போகல. அந்தக் கதவ முழுசாத் திறந்துவிட்டு, அங்கேயே ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க.

— எலியா?

— எலி மட்டும்னா பரவால்லயே. இந்தப் புல்லு வெட்டற டிராக்டர் இருபத்திரண்டு வருஷம் உங்க கொட்டகையில கெடந்திருக்கு. இஞ்சின் மூடியக் கழட்டினா உள்ள ஒரு வாளி நெறைய எலிக்கூடு. வால்நட் ஓடு, உங்க வீட்டுக்காரர் எய்னாரோட பழைய கையுறை, அதுக்குள்ள செத்துக் காஞ்சு போன குஞ்சுங்க. எல்லாம் மூத்திரத்துல ஊறி... கருமம். இந்தப் பட்டறையில எத்தனையோ அசிங்கத்தப் பாத்திருக்கேன். எழுபது வயசுல முதல் தடவையா வேலைய விட்டுட்டு வெளிய ஓடினேன்.

— போன்ல இதச் சொல்லலயே டெல்மர் நீங்க.

— நீங்க சாப்பிடற நேரமா இருந்துச்சு. பெட்ரோல் டாங்கு அதவிட மோசம். தார் மாதிரி இருந்துச்சு, கரண்டியால வழிச்சேன். இந்தச் சட்டையோட சோபாவுல உக்காந்தா தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்னு என் வீட்டுக்காரி ஜோய்ஸ் சொல்லிட்டா. அவ சமையலறையில இருந்த கரண்டிங்கறது அவளுக்கு இன்னும் தெரியாது.

— ஆனா ஓடுதுன்னு சொன்னீங்க.

— ஓடுது. நேத்து எங்க வீட்டு முன்னாடி புல்ல வெட்டிப் பாத்தேன். பனி விழறதுக்குள்ள முன்பக்கம் பனி தள்ற பலகையும் மாட்டிடுவேன். உங்க வீட்டு வழியில விழற பனியையும் நானே தள்ளித் தரேன், நீங்க மண்வெட்டி எடுக்கவே வேண்டாம். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. கம்பெனிக்காரன் ஒழுங்காத்தான் செஞ்சு விட்டிருக்கான். எலி மேலயும் எனக்குக் கோபம் இல்ல. அது குளிருக்கு ஒதுங்கின இடம்.

— அப்புறம் எதுக்கு என்னைய வரச் சொன்னீங்க?

— அந்தத் தட்டப் பாருங்க. தொடாதீங்க, கையில ஒட்டும். கழட்டினதுல தூக்கிப் போடாம வெச்சது அதுங்களத்தான்.

— இது என்ன, மரத்தூளா?

— மரத்தூளேதான். கியர் பெட்டிக்குள்ள இருந்து வந்துச்சு. பல்லு தேஞ்சு வண்டி சத்தம் போட்டா, மாத்தறதுக்கு சோம்பேறித்தனப்பட்டு உள்ள மரத்தூளக் கொட்டி மூடிடுவானுங்க. ஒரு மாசம் சத்தம் வராது. வண்டிக்காரன் கும்பிட்டுட்டுப் போவான். இந்த வேலைய செய்யறவனுங்க நாலு பேர எனக்குத் தெரியும், நாலு பேர்கிட்டயும் நான் கை குடுக்கறதில்ல. பக்கத்துல இருக்கறதப் பாருங்க.

— கம்பி.

— வேலிக்கம்பி. மாடு தாண்டாம இருக்கக் கட்டற கம்பி. நீங்க பிரேக்க மிதிச்சா அந்த இழுப்பு பின்னால போய்ச் சேரணும், இல்லயா? அதுக்கு என் விரல் தண்டிக்கு ஒரு இரும்புத் தண்டு உண்டு. அது ஒடஞ்சிருக்கு. வேற தண்டு போடாம, வேலிக்கம்பிய நாலு சுத்து சுத்தி முறுக்கி, மேல கிரீச அப்பி, அதுக்கும் மேல பச்சை பெயிண்ட அடிச்சிருக்கான். எனக்குக் கம்பியவிட அந்தப் பெயிண்டுதான் குமட்டுது. கம்பி அலட்சியம்னு வெச்சுக்கலாம். பெயிண்டு அடிக்கறப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

— அறுந்திருக்கு.

— ஆமா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ரெண்டு நாளா எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். எய்னாருக்கு அன்னிக்குப் புல்லு ஈரமா இருந்து வழுக்கல சோல்வெய்க். ஓடைக்குப் போற சரிவுல பிரேக்க மிதிச்சிருக்கார், இது அறுந்திருக்கு, வண்டி உருண்டு கால் மேல விழுந்திருக்கு. எவனோ ஒருத்தன் ஒரு மணி நேர வேலைக்கு ஒடம்பு வணங்காததால, அந்த மனுஷன் மரக்கால மாட்டிக்கிட்டு நடந்திருக்கார், சாகற வரைக்கும்.

— ம்.

— என்ன ம்? நான் சொல்றது புரியுதுங்களா?

— புரியுது. அன்னிக்கு ஈரமே இல்ல. பத்து நாளா மழ இல்ல. பிரேக் புடிக்கலன்னு எய்னார் ஆஸ்பத்திரியில கண்ணத் திறந்ததும் சொன்னார். வண்டிய இழுத்துட்டு வந்து போட்டப்ப நானும் குனிஞ்சு பாத்தேன். கம்பி தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

— தெரிஞ்சேவா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? ஊர் பூரா ஈரப் புல்லுன்னுதான பேச்சு?

— அப்படிச் சொல்லச் சொன்னது எய்னார்.

— எனக்கு மண்டையே வெடிக்குது. யாரு அவன்? உயிரோட இருக்கானா?

— இருக்கார்.

— இருக்காராம். அவனுக்கு என்ன மரியாதை? நம்ம பக்கமா?

— நம்ம பக்கந்தான்.

— சர்ச்சுல உங்க மூஞ்சியப் பாத்துப் பேசறானா?

— நல்லாப் பேசுவார். ஆகஸ்டுல எய்னாரோட சவப்பெட்டியத் தூக்கினதுல அவரும் ஒருத்தர்.

— ஆறு பேர்ல ஒருத்தனா? என் கூட நடந்தவனா? கருமம். தோள்ல தூக்கிக்கிட்டு வந்தப்ப அவனுக்கு ஒடம்பு கூசல? எனக்கு அவன் கூட ஒரே வரிசையில நின்னேன்னு நெனச்சாலே கையக் கழுவணும் போல இருக்கு. எய்னாருக்குத்தான் என்ன கேடு? ஒரு மைல் தூரத்துல நான் பட்டறை வெச்சிருந்தேன். என்கிட்ட கொண்டு வந்திருக்கலாமே.

— உங்ககிட்டதான் கொண்டு வந்தார்.

— என்ன?

— அந்த வருஷம் ஏப்ரல்ல. மூணு நாள் இதே எடத்துல நின்னுச்சு. நாலாம் நாள் நீங்களே ஓட்டிக்கிட்டு வந்து எங்க வாசல்ல விட்டீங்க. காலையில ஒன்பது மணி. உங்க மேல அடிச்ச பிராந்தி வாடையில எங்க நாயே பின்வாங்கிடுச்சு. வண்டி பச்சைப் பசேல்னு இருந்துச்சு. சத்தமே இல்ல. எய்னார் உங்க ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டார்.

— எனக்கு... அந்த வருஷம் எனக்கு ஒண்ணுமே...

— ஞாபகம் இல்ல. தெரியும். உக்காருங்க டெல்மர். கீழ விழுந்தீங்கன்னா என்னால தூக்க முடியாது.

— பொய் சொல்றீங்களோன்னு பாத்தேன். நீங்க பொய் சொல்ற ஆளும் இல்ல.

— வண்டிய வந்து எடுத்துக்கோங்கன்னு நான் கூப்பிட்டது புல்லு வெட்டறதுக்கு இல்ல. நீங்களே ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாக்கணும்னுதான். இன்னொருத்தன் செஞ்ச வேலைன்னு நெனச்சுக்கிட்டுப் பாக்கணும். உங்க வாயால நீங்க சொன்னதெல்லாம் நான் வருஷக்கணக்கா மனசுக்குள்ள சொன்னதுதான். பெயிண்டப் பத்தி நீங்க சொன்னதும் சேத்து.

— உங்க மேசையில உக்காந்து ஆயிரம் தடவ காப்பி குடிச்சிருப்பேன்.

— ஆமா. நான் சுட்ட ருபார்ப் பைல ரெண்டாவது துண்டு கேப்பீங்க. நான் வெச்சுத் தருவேன். நீங்க கெளம்பினப்புறம் உங்க கப்பையும் முள்ளுக்கரண்டியையும் தனியா கொதிக்கிற தண்ணியில போடுவேன். எலிக்கூட்டுல கை வெச்ச மாதிரி இருக்கும் எனக்கு. எய்னார் அதப் பாத்துட்டு, ஒத்தக் கால்ல எந்திரிச்சு வந்து, அந்தக் கப்ப எடுத்துத் தொடச்சு மத்த கப்போட சேத்து வெச்சிடுவார்.

— ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அவர். சட்டையப் புடிச்சு ஒரு வார்த்த. நான் அவர் காலுக்கு... நான் என்ன வேணா செஞ்சிருப்பேனே. ஏன் கேக்கல?

— நான் கேக்கத்தான் கெளம்பினேன். ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே. கார் சாவிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டேன், நேரா உங்க வாசலுக்குன்னு. என் கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

— எதுக்கு?

— "டெல்மர் குடிய விட்டு இன்னியோட ஒன்பது நாள் ஆச்சு. இதக் கேட்டா அவனுக்குப் பத்தாவது நாள் இருக்காது. நான் இருக்கற வரைக்கும் வாயத் திறக்காத சோல்வெய்க்"ன்னார்.