குளவி உள்ளவரை

— அப்ப நெருப்ப வெச்சிட்டுத்தான் வந்திருக்க.

— வெச்சிட்டேங்கய்யா. ஏழாம் நம்பர் மலையில, அந்தக் கருப்பன்தைல மரத்தடியில. பச்சைத் தேங்காப் பொச்சு மட்டைய அடுக்கி நடுவுல கங்கு போட்டிருக்கேன். பொகை மெதுவாத்தான் ஏறும். மேல இருக்கிற கூட்ட எட்டுனதும் குளவி எறங்கிரும்.

— எத்தனை மணிக்கு எறங்கும்?

— குளவிகிட்ட மணிக்கூடு இல்லீங்களே, கிளாக்கரையா.

— சில்வெஸ்டர் கிளாக்கர் கேட்டாருன்னு சொல்லியிருக்கலாமே. கண்டிக் குடிவரவுக் கந்தோர் ஆபிசர் இன்னிக்குக் காலையில அந்தப் பாதையாலதான் ஜீப்புல வாறாரு. அவர் கண்ணால பார்க்கணும், நாகமுத்து. பார்த்தாத்தான் உன் வேலை பர்மிட்ட நீடிப்பாரு. இல்லாட்டி இந்த மாசக் கடைசியோட உன் கதை முடிஞ்சிது. விளங்குதா?

— விளங்குது. விளங்காதது ஒண்ணுதான். நான் பொறந்தது அந்தா தெரியிற மூணாம் லயத்து வீட்டுல. எனக்கு எதுக்குங்கய்யா பர்மிட்டு?

— பொறந்தது எங்கேன்னு சட்டம் கேக்கல்ல. எந்த மேசையில எழுதினேன்னுதான் கேக்குது. அன்னைக்கு காலையில பேர் போடுற பெரட்டுக் களத்துல ரெண்டு மேசை போட்டிருந்தாங்களே, ஒண்ணு சிலோனுக்கு, ஒண்ணு இந்தியாவுக்கு. நீ எதுல நின்ன?

— இந்தியா மேசையில.

— ஏன் நின்ன?

— அதுலதான் பலாமரத்து நெழல் இருந்துச்சி.

— பார்த்தியா. ஊர் ஒலகத்துல ஆளுங்க நாடு புடிக்கக் கப்பல்ல போயிருக்கான், குதிரையில போயிருக்கான். நெழலுக்கு ஒதுங்கி நாடு மாறினவன் நீ ஒருத்தன்தான். அந்தப் பலாமரத்துக்குத்தான் நீ நன்றி சொல்லணும்.

— வெயிலு அப்படிங்கய்யா. தெரேசாகூட அன்னைக்கு சிலோன் மேசை வெயில்ல நின்னு மயக்கம் போட்டா.

— மயக்கம் போட்டு சிலோன் பிரஜை ஆயிட்டா. நீ தெம்பா நின்னு இந்தியாக்காரன் ஆயிட்ட.

— அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகல்ல. ஆனபொறகு பார்த்தா ஒரே பாயில ரெண்டு நாடு. ராத்திரி பொரண்டு படுத்தா எல்லை தாண்டுன குத்தமுன்னு அவ சிரிப்பா.

— சிரிக்கட்டும். இப்பக் கேளு. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன இங்க வேலைக்கு வெச்சிக்கணும்னா, அந்த வேலைய செய்ய இந்த நாட்டுல வேற ஆள் இல்லேன்னு தோட்டம் எழுதிக் குடுக்கணும். நீ கொழுந்து நிறுக்கிறவன்னு எழுதினா, ஆயிரம் பேர் இருக்காங்கன்னு சொல்லிருவான். அதனாலதான் உன்ன நான் நிபுணர் ஆக்கினேன். ‘குளவி கலைக்கும் நிபுணர், தென்னிந்தியா.’

— நான் தென்னிந்தியாவ பார்த்ததில்லீங்களே.

— குளவியும்தான் பார்த்ததில்ல. ரெண்டு பேருக்கும் பொது. அப்பவே கந்தோர்லேருந்து கேள்வி வந்துச்சி, ஏன் இந்த வேலைய ஒரு பிரஜை செய்யக் கூடாதுன்னு. நான் சும்மா விடல்ல. பதில் போட்டேன்: ராஜநாயகம் கங்காணி, இலங்கைப் பிரஜை, மரத்தில் ஏறினார். பிரஜாவுரிமைச் சான்றிதழ் சட்டைப் பையில் இருந்தது. குளவிகள் அதை வாசித்துப் பார்க்கவில்லை.

— கங்காணி எறங்கல்லீங்களே. விழுந்தாரு. இன்னும் நொண்டுறாரு.

— ‘விரைவாக இறங்கினார்’ன்னு எழுதினேன். தோட்டத்து மானம் இருக்குல்ல. அதுக்கு அடுத்த தடவ என்னா எழுதினேன் தெரியுமா? இத்தோட்டத்துக் குளவி ஒன்று நாவுல ஊருக்குப் போகும் பஸ் கண்டக்டரின் டிக்கட் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல்லேபொலையில் போட்டது. பயணிகள் எல்லோரும் அன்று இலவசமாகப் போனார்கள்.

— அதையும் நம்பிட்டாங்களா?

— குளவியோட நீளம் கேட்டாங்க. ஒரு முழம்னு குடுத்தேன். லக்கலையில யானை வேலிய மிதிக்குதுன்னு ஊராளுக எழுதாத மனு இல்ல. எந்த ஆபிசராவது போய்ப் பார்த்தானா? பயப்படுற அளவுக்குச் சொல்லணும், நாகமுத்து. அப்பத்தான் மேசையிலேருந்தே கையெழுத்து விழும்.

— இந்த ஆபிசரு மட்டும் வாறாரே.

— புதுசு. இளந்தாரி. பயப்பட இன்னும் படிக்கல்ல. அவன் என்னா எழுதியிருக்கான்? டிஸ்பென்சரியில வெசாரிச்சானாம். ஒரு வருசமா குளவி கொட்டுன்னு ஒருத்தர்கூட மருந்துக்கு வரல்லியாம். கொட்டாத குளவிக்கு எதுக்கு நிபுணர்னு கேட்டிருக்கான்.

— நான்தானேங்கய்யா, இப்பப் புதுசாக் கட்டுன அந்தக் கூடு தவிர, ஒண்ணு விடாம எறக்கினேன்.

— அதுதான் நீ செஞ்ச பெழை. வேலைய சுத்தமா முடிச்சிட்ட. கொஞ்சம் கொஞ்சமா மிச்சம் வெச்சிருந்தா இன்னும் பத்து வருசத்துக்கு நிபுணரா இருந்திருப்ப. கந்தோர் ஆளுங்களப் பாரு. எவனாவது வேலைய முடிக்கிறானா?

— பொம்பளைங்க கொட்டு வாங்குறதப் பார்த்துக்கிட்டு எப்படிங்கய்யா சும்மா இருக்கிறது.

— இன்னிக்கு இருக்கணும். இன்னிக்கு ஒருநாள். நாலு பேருக்கு நாலு கொட்டு விழணும். அழுதுக்கிட்டு பாதைக்கு ஓடி வரணும். ஆபிசர் பார்க்கணும். நீ அப்பறம் பந்தத்தோட போயி அந்தக் கூட்ட எறக்கணும். கையெழுத்து விழணும். சட்டப்படி எல்லாம் சரி.

— நான் ஒங்களுக்குச் சொல்றதுக்கு என்னா. காலையில கங்க வெச்சிட்டு ரெண்டு தடவ திரும்ப எடுத்தேன். இந்தத் தொழில்ல நான் இப்படிப் பயந்ததில்ல.

— போன கலவரத்துல அத்தனை பேர் கத்தியோட வந்து நின்னாங்க. அப்ப பயப்படல்லியே.

— அது வேறங்கய்யா. இந்தியாவுக்கு ஓடுடான்னு கத்தினாங்க. பர்மிட்டு முடிய இன்னும் ஆறு மாசம் இருக்கு, அதுக்கப்பறம் வாங்க, சட்டப்படி போயிருவோம்னேன். அதுல ஒருத்தன் வாங்கிப் பார்த்திட்டு, ஆமா இருக்குதான்னு சொல்லித் திருப்பிக் குடுத்தான்.

— விட்டுட்டானுங்களா?

— லயத்தக் கொளுத்திட்டுப் போனானுங்க. பர்மிட்டக் கொளுத்தல்ல.

— சட்டத்த மதிக்கிற ஆளுங்க. இவனும் மதிப்பான், நீ பயப்படாத. தெரேசா எங்க?

— வீட்டுல, எங்க காம்பராவுல. இன்னிக்கு மலைக்குப் போவாத, ஒரு நாள் பேரும் சம்பளமும் போனாப் போவுதுன்னு சொல்லிட்டு வந்தேன். கதவ உள்ளால தாழ்ப்பாள் போட்டுக்கன்னும் சொன்னேன்.

— காரணம் சொன்னியா?

— சொல்லுவனா? சொன்னா அவளே தண்ணி தூக்கிட்டுப் போயி அணைச்சிருவா. ஆபிசர் வாறாரு, ஒருவேளை வீட்டப் பார்க்க வருவாரு, கூட்டி மெழுகி வையின்னேன்.

— கெட்டிக்காரன். மரத்தடியில கொழுந்து எடுக்கிற நெரை யாரோடது?

— அதுதாங்கய்யா எனக்கு நெஞ்சுல குத்துது. மரிய கொறற்றியோடது. பிள்ளை பொறந்து இப்பத்தான் மலைக்கு வந்திருக்கு அந்தப் பொண்ணு. தெரேசாதான் அவளுக்கு ஞானத்தாய்.

— இளம் ஒடம்பு. தாங்கும். ரெண்டு நாள் மூஞ்சி வீங்கும், மூணாம் நாள் பழைய அழகு வந்திரும். எங்க வீட்டு மார்ஜரிக்குக் கொட்டினப்ப, வீங்குன மூஞ்சியே எடுப்பா இருந்துச்சி. நான்தான் வாயத் தொறக்கல்ல.

— பச்ச ஒடம்புங்கய்யா அது. ஒரு கொட்டு ரெண்டு கொட்டுன்னா பரவாயில்ல. பொகை போட்டுக் கெளப்புன குளவி எண்ணிக்கிட்டு கொட்டாது. கூடு மொத்தமும் எறங்கும். நான் போய் அணைச்சிட்டு வந்திரவா?

— போ.

— நெசமாத்தான் சொல்றீங்களா?

— போய் அணை. அணைச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போயி தகரப் பெட்டியக் கட்டு. தலைமன்னார் ரயில்ல ஜன்னல் பக்கமாப் பார்த்து எடம் புடி. தெரேசா பிளாட்போரத்துல நிப்பா. கைய ஆட்ட வசதியா இருக்கும்.

— அப்படிச் சொல்லாதீங்கய்யா.

— நான் சொல்லல்ல. சட்டம் சொல்லுது, நான் வாசிக்கிறேன். அவ பிரஜை, அவளை அங்க ஏத்த மாட்டான். நீ அந்நியன், உன்ன இங்க வைக்க மாட்டான். அங்க போயி எறங்கினதும் யாரு நீன்னு கேப்பான். சிலோன்காரன்னு சொல்லுவான். உனக்கு அங்க ஒரு பலாமரம்கூட இல்ல. என் பாட்ட யோசிச்சியா? ஒரு முழக் குளவின்னு எழுதினவன் நான். பொய்யின்னு தெரிஞ்சா எனக்கும் உக்கார இந்தக் கதிரை இல்ல.

— தெரேசா இல்லாம எனக்கு ஒரு வாய் சோறு எறங்காதுங்கய்யா. அது உங்களுக்குத் தெரியும்.

— தெரிஞ்சுதான் சொல்றேன். உக்காரு. அந்தக் கொறற்றிக்கு டிஸ்பென்சர் ஐயாகிட்டச் சொல்லி ஊசி போட வைக்கிறேன். அவளுக்கு நாலு நாள் பேரும் சும்மா போட்டுர்றேன். என் கையில இருக்கிற அதிகாரம் அவ்வளவுதான்.

— சத்தம் கேக்குது. அது யாரு, கத்துறது?

— கொழுந்துக்காரிங்க எப்பத்தான் கத்தாம இருந்தாங்க. உக்காருன்னேன்.

— இது வேற மாதிரிக் கத்துறாங்க. எறங்கிருச்சிங்கய்யா.

— எறங்கட்டும். ஜீப்பும் இந்நேரம் ஏழாம் நம்பருக்கு வந்திருக்கும். மாதா கைவிடல்ல. நீ பந்தத்த எடுத்து எண்ணெயில நனைச்சி வை, ஆபிசர் கூப்பிட்டதும் நீ நிபுணர் மாதிரி நடந்து போகணும். ஓடக் கூடாது. நிபுணர்மார் ஓட மாட்டாங்க.

— நனைச்சித்தான் வெச்சிருக்கேன். அந்தா ஜீப்பு. டிரைவர் ஜைனுதீன் நானா தனியா வாறாரு. ஆபிசரக் காணமே.

— ஜைனுதீன், ஆபிசர் எங்க? ரோட்டுல எறக்கி விட்டுட்டியா?

— அவர் பங்களாக்கி நடந்து போயிட்டாருங்க, கிளாக்கரய்யா. ஜீப்புல அவருக்கு எடம் இல்ல. இந்தாங்க, இத ஒங்கட கையில குடுக்கச் சென்னாரு.

— என்னா இது? அடேய், பர்மிட்டு. கையெழுத்து விழுந்திருக்கு.

— ஜீப் பொனட்டுல வெச்சித்தான் எழுதினாரு. பாவம், இளந்தாரிப் புள்ள. இந்த மனுசன் இல்லாட்டி இந்தத் தோட்டத்துல ஒருத்தருக்கும் உசிர் மிஞ்சாதுன்னு செல்லிட்டு எழுதினாரு.

— கேட்டியா, நாகமுத்து? ரெண்டு வருசம். ஒரு வருசம் கேட்டோம், ரெண்டு வருசம் குடுத்திருக்கான். ‘இன்றியமையாதவர்’ன்னு எழுதியிருக்கான். நான்கூட அந்தச் சொல்லு எழுதல்ல.

— ரெண்டு வருசமா? ஐயா, நான் போயி தெரேசாகிட்டச் சொல்லிட்டு வந்திர்றேன். பயந்துக்கிட்டு உக்காந்திருப்பா.

— கொஞ்சம் நில்லுங்க, தம்பி.

— என்னா நானா? உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உங்களுக்கும் கொட்டிருச்சா?

— எனக்கு ஒண்டுமில்ல. ஒரு பொம்பளைக்குத்தான் எல்லாம். மத்தவங்க ஓடிட்டாங்க. அவ ஓடல்ல. மரத்தடியில நெருப்புப் பொகையிறதப் பார்த்திட்டு, யாரோ அறியாம வெச்சிட்டாங்க, அணைக்கணும்னு அதுக்குள்ள போயிருக்கா. காலால மிதிச்சி மிதிச்சி அணைச்சிருக்கா. கூடு மொத்தமும் அவட மேலதான்.

— ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம இங்க ஏன் வந்த, ஜைனுதீன்?

— உசிர் போயிட்டு, மவுத்தாயிட்டாங்க, ஐயா. ஜீப்புலதான் ஈக்குது. கொழுந்துச் சாக்கப் போட்டு மூடியிருக்கன்.

— ஐயோ. கொறற்றி. நான்தானே, நான்தான் அந்தப் பொண்ண...

— வாயப் பொத்து, நாகமுத்து. ஆபிசர் பங்களாவுலதான் இருக்காரு.

— கொறற்றி இல்ல, தம்பி. கொறற்றி லயத்துல ஈக்கா. புள்ளக்கிக் காய்ச்சலாம். காலையில வெள்ளனயே ஒரு ஆளுட கால்ல விழுந்து, ஏன்ட நெரையில இண்டைக்கி நீங்க நில்லுங்க, இல்லாட்டி ஏன்ட பேர் போயிரும்னு அழுதிருக்கா. ஆள் மாறி நிக்கிறது தோட்டத்துல நடக்கிறதுதானே.

— நடக்கிறதுதான். அப்ப யாரு நின்னது?

— கிளாக்கரய்யா, நீங்க செல்லுங்க. ஜன்னலால எட்டிப் பாருங்க. சாக்குக்கு வெளிய கால் தெரியுது.

— நான் என்னத்தச் சொல்ல. நாகமுத்து, நீ இப்படி உக்காரு. பர்மிட்டக் கீழ போட்டுறாத.

— என்னங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்க்கிறீங்க. நானா, சாக்கோட கொண்டு போவாதீங்க, பாவம். ஒரு சேலை போர்த்திக் கொண்டு போவோம். யார் வூட்டுல போயிக் கேக்கணும்னு சொல்லுங்க, நான் ஓடிப் போயி வாங்கிட்டு வாறேன்.

— யார்ட்டயும் கேக்கத் தேவல்ல, தம்பி. இந்தாங்க, அவட மடியிலதான் ஈந்திச்சி, ஒங்கட காம்பராச் சாவி.