நான்காவது பலகை

— அன்செல்மோ காய நகர்த்த மாட்டேங்கறாரே அக்கா! ஜெயிக்கற ஆட்டத்த வச்சுக்கிட்டு ஏன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு?

— அதுதான் எனக்கும் புரியல, ஃபெர்மின். மெதுவாப் பேசு. நடுவர் நம்மளையே பாக்கறாரு.

— அவரு கடிகாரத்துல ஆறு நிமிஷம்தான் இருக்கு. தீந்தா தோத்தாரு. மேட்ச் ரெண்டுக்கு ரெண்டு ஆயிடும்.

— ரெண்டுக்கு ரெண்டு நமக்குப் பத்தாது. கீழ்ப் பிரிவுக்கு இறக்கிடுவாங்க. இறங்கினா நம்ம செஸ் அறைய ஜிம்காரங்களுக்குக் கொடுக்கறதா கிளப் கமிட்டி முடிவே பண்ணிட்டாங்க. இப்போ ரெண்டுக்கு ஒண்ணுல முன்னாடி இருக்கோம். அன்செல்மோ டிரா பண்ணாக்கூடப் போதும்.

— டிரா என்ன, முழு வெற்றியே மடியில விழப் போகுதே! மனுஷன் தூங்கிட்டாரா? நெஞ்சுவலியா? எனக்கு வேர்க்குது, நெலிதாக்கா.

— கண்ணு திறந்துதான் இருக்கு. அவர விடு. கவனி, எதிர்ல உக்காந்திருக்கற ஒலாவாரியா ஊர்ப் பையனப் பாரு. அன்செல்மோ யோசிக்கறப்பல்லாம் இவன் என்ன பண்ணான்?

— சிகரெட் பிடிக்க வெளிய ஓடினான். வாசல் பூரா புகை.

— இப்போ?

— பூசைக்கு வந்தவன் மாதிரி அசையாம இருக்கான். மூச்சுகூட விடல.

— ஏன்? கவனி, பலகையப் பாரு. நீ உன் ஆட்டத்த முடிச்சு எழுந்திரிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அன்செல்மோவோட குதிரை எங்க இருந்துச்சு?

— ஓரத்துல. இப்போ... நடுவுல. அக்கா, நகர்த்திட்டாரு!

— நகர்த்திட்டாரு, ஆனா அவன் நேரத்த ஓட விட கடிகாரத்த அமுக்கல. அவன் யோசிக்கறான்னு இவரு காத்திருக்காரு. இவரோட நேரம் ஓடிக்கிட்டிருக்கு. அது தெரிஞ்சுதான் அந்தப் பய எழுந்திரிக்கல.

— நாப்பது வருஷமா ஆடறவரு, எப்படி மறப்பாரு?

— காய வச்ச கையாலயே கடிகாரத்த அமுக்கணும். அவருக்கு அது மூச்சு விடற மாதிரி. அந்தக் கைக்கு அந்த நேரம் பாத்து வேற வேலை வந்திருக்கணும்.

— ஐயையோ.

— என்னடா?

— மாத்தே டீ. ஜெயிச்ச சந்தோஷத்துல எழுந்திரிக்கறப்போ, ஒரு சுரைக்குடுக்கை நிறையச் சுடச்சுட ஊத்தி அவர்கிட்ட நீட்டினேன். அப்பதான் காய வச்சிருந்தாரு. அதே கையால வாங்கி, உறிஞ்சற குழலை வாயில வச்சுட்டாரு.

— அட மடையா!

— நீட்டின மாத்தேய யாராவது வேண்டாம்பாங்களா? சண்டைக்காரன்கூட வாங்கி உறிஞ்சுட்டுத்தான் அடிக்க வருவான். விடுங்க, நான் போய் சொல்லிடறேன்.

— சொன்னா ஆட்டமே போச்சு. வெளியாள் உதவி பண்ணிட்டான்னு நடுவர் அவனுக்கு வெற்றி கொடுத்துடுவாரு.

— இருமவா?

— ஜெயிச்சப்போ கத்தினதுக்கு ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருக்க. இருமினாலும் அவரு திரும்பப் போறதில்ல. கடிகாரத்தப் பாத்தா அவசரத்துல தப்பா ஆடிடுவேன்னு அந்தப் பக்கமே பாக்க மாட்டாரு.

— நாலு நிமிஷம். அக்கா, ஏதாவது பண்ணுங்க. வேலை போன நாள்லேருந்து எனக்கு இருக்கறது அந்த ஒரு அறைதான். அதையும் நானே ஒரு குடுக்கை வெந்நீர்ல கரைச்சுட்டேனே!

— அழாத. யோசிக்க விடு... இரு. கேப்டனா எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்ல உரிமை உண்டு. நடுவரே! என் ஆட்டக்காரர டிரா கேக்கச் சொல்லணும்.

— சொல்லலாம், சென்யோரா. நான் பக்கத்துல நிப்பேன். ஆட்டத்தப் பத்தி அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக் கூடாது.

— வராது.

— பைத்தியமா அக்கா? டிரா ஆனா மேட்ச் நமக்கு. அந்தப் பையன் எப்படி ஒத்துப்பான்?

— ஒத்துக்க வேண்டாமே. அன்செல்மோ, டிரா கேளுங்க! ...இப்போ கவனி, ஃபெர்மின்: டிரா கேக்கறவரு, கேட்ட உடனே கடிகாரத்த அமுக்கணும்.