வேர்த்த சுவர்

மலைச்சரிவில் வீடு கட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. தண்ணீருக்கு வழி விட்டால் போதும், வீடு நிற்கும்.

என் பெயர் ஐயாதுரை. ராஜபாளையத்தில் இருபது வருஷமாக வீட்டு பிளான் வரைகிறேன். எண்பத்தெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை சேக் முகைதீன் ஒரு போட்டோவோடு வந்தார். கொழும்புப் பக்கம் எடுத்தது. கடலைப் பார்த்தபடி செங்குத்தான மேட்டில் ஒரு வீடு. "கடலுக்கு எங்க போக? நமக்கு மலை இருக்குல்லா. இதே மாதிரி வரைங்க" என்றார். எங்கள் ஊருக்கு மேற்கே மலையடிவாரச் சரிவில் இடம் வாங்கியிருந்தார்.

சரிவை மூன்று படியாக வெட்டி, படிக்கு ஒரு தாங்குசுவர் வைத்து வரைந்து கொடுத்தேன். அவருக்கு முற்றம் அகலமாக வேண்டும். ஒரே வெட்டு, வீட்டுக்குப் பின்னால் பதினைந்தடி உயரத்துக்கு ஒரே சுவர் என்றார். "மூணு மழை தாங்காது" என்றேன். "ஐயாதுரைக்கு மலையக் கண்டா பயம்" என்று கொத்தனார் பால்பாண்டியிடம் சொல்லிச் சிரித்தார். பால்பாண்டியே கட்டினார். தண்ணீர் வடியச் சுவரில் துளைகள் விட்டிருந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

மூன்று மழை போயிற்று. சுவர் நின்றது.

டீக்கடையில், "என்ன சார், எப்ப விழும்?" என்று கேட்பார்கள். விளையாட்டாகத்தான் கேட்டார்கள். பிளானுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அதுவரை நான் வரைந்ததெல்லாமே தப்போ என்று பயம் பிடித்தது. சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில், சேக் முகைதீன் குடும்பத்தோடு தளவாய்புரத்துக்குக் கல்யாணத்துக்குப் போன பகலில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். துளைகளில் சாக்கைத் திணித்து, சிமெண்ட் பூசி, மேலே செம்மண் தடவினேன். அவசரப்படவில்லை.

மழை பிடித்த நாலாம் நாள் அவர் மனைவி ஹாஜரா நனைந்தபடி என் ஆபீசுக்கு வந்தாள்.

"அண்ணே, சுவரு வேர்க்குது. உள்ள என்னமோ உறுமுது. அவிய கடைக்குப் போயிட்டாவ. மாமியும் நானும் மட்டும்தான் இருக்கோம். எங்கயாச்சும் போயிரட்டுமா?"

கூடவே போனேன். சுவரில் கை வைத்தேன். உள்ளே ஏதோ நகர்ந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல தாயி. மழைக்கு அப்படித்தான் இருக்கும். பயப்படாம உள்ள இருங்க."

"விழும்னு சொன்ன நீங்களே சொல்லுதிய. பொறவு என்ன பயம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காபி போடப் போனாள். காபி வருமுன் கிளம்பிவிட்டேன். அந்தச் சுவருக்குக் கீழே நிற்க எனக்குப் பயம்.

சாயங்காலம் விழுந்தது. இரண்டு பெண்களையும் மறுநாள் மதியம்தான் தோண்டி எடுத்தார்கள். சேக் முகைதீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேச்சக் கேக்காமப் போனேனே" என்று அழுதார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். வடகோடியில் கடைசி நான்கு துளைகளை நான் அடைக்கவில்லை, சிமெண்ட் தீர்ந்துவிட்டது. சுவரில் அந்தத் துண்டு மட்டும் விழவில்லை. இரண்டு மழை தாண்டி இன்னமும் நிற்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். மறுபடியும் சோறு இறங்கவில்லை.

என்னை உள்ளே போடுங்கள், ஐயா. ஆனால் அதை யாரும் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தானாகவே விழும். என் கணக்கு தப்பாது.